விருது வாங்கியவரின் வெறுங்கால்

சிறந்த இயக்குநர் என்று தேசிய விருது வாங்கியவர், ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பயிற்சிப் படம் எடுக்க வந்தார். நரைத்த தாடி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கேமராவைத் தொடுமுன் செருப்பைக் கழற்றுவது அவர் வழக்கமாம். நாங்கள் கொடுத்த பாதுகாப்பு ஷூவையும் கழற்றிவிட்டு, பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றார். பாதுகாப்பு அதிகாரியான நான், ஷூவைப் போடச் சொல்லுமுன் செல்போனில் அவர் வெறுங்காலை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

“அவார்டு வாங்கிட்டு இங்க இன்னா சார் பண்றீங்க?” என்று மெஷின் ஓட்டுபவர் கேட்டார்.

“இப்பல்லாம் தயாரிப்பாளருங்க எழுந்து நின்னு கும்பிடுறாங்க. ‘உங்க ரேஞ்சுக்கு எங்ககிட்ட படம் இல்ல சார்’னு அனுப்பிடுறாங்க.”

அவர் எடுத்த படம் மெதுவாகப் போகிறது என்று நிர்வாகம் தூக்கிப் போட்டுவிட்டது. என் போட்டோவைத்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்டுகிறேன். “இப்படி நிக்கக் கூடாது” என்றதும் சிரிக்கிறார்கள். அது யார் கால் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.