நான் அடித்த கடிதத்தை நானே வாசித்துக் காட்டிய நாள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாத மழையில் இது நடந்தது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிசில் நான் கிளாக்கர். இன்றைக்கும் அதே ஆபிசில்தான் வேலை. அதனால் தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயமா என்று கேட்டால், ஆமாம், பயம்தான்.

எங்கள் ஆபிஸ் கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் எப்போதும் தயாராக இருக்கும். யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் போனால் அதைத் திறந்து, பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி, அச்செடுத்து, தோட்டத்து மேனேஜரான தொரையிடம் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். முழுக்க ஆங்கிலம். எனக்கு முன்னால் இருந்தவர் டைப்ரைட்டரில் அடித்த அதே வாசகம். அதில் 'கன்சிடர்ட்' என்று ஒரு வார்த்தை வரும். நீ வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கருதப்படுகிறாய் என்பது அந்த வரி. விளக்கம் இருந்தால் ஏழு நாளைக்குள் எழுத்தில் கொடு என்பது அதற்கு அடுத்த வரி.

பள்ளிக்கூடத்தில் 'கன்சிடர்' என்றால் பரிசீலி, யோசித்துப் பார் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். லீவு கேட்டு எழுதும் கடிதத்தின் கடைசியில் பணிவாக அதைப் போடுவோம். ஆபிசுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன், அதே வார்த்தை இந்தக் கடிதத்தில் வரும்போது யோசித்து முடித்தாகிவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. கேட்கிறவன் எழுதினால் ஒரு பொருள், கொடுக்கிறவன் எழுதினால் வேறு பொருள். பதினொரு வருடம் அதை அடித்தேன். ஒரு தடவைகூட யாருக்கும் தமிழில் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வேன்? தொழிலாளர்கள் ஆபிசுக்கு உள்ளே வருவதில்லை. வெளியே ஜன்னலுக்குக் கீழே நிற்பார்கள், மழை பெய்தாலும் அங்கேதான். கடிதத்தைக் காட்டி என்ன என்று கேட்டால் "தலைவர்கிட்ட காட்டு" என்போம். தலைவர் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர். வந்து நிற்பவருக்கு அறுபது வயது இருந்தாலும் "நீ"தான். நானும் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன். நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கும் அந்த "நீ" தானாக வந்துவிட்டது.

அன்றைக்கு வந்து நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிற அம்மா. கொழும்பில் கட்டட வேலை செய்த மகன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று பதினாறு நாள் போயிருந்தார். திரும்பி வந்த மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களுக்கு வேலை பிரிக்கிற இடத்தில், அவர் பெயரைக் கூப்பிடவில்லை. லயத்தில் தோட்டம் கொடுத்திருந்த காம்பரா அறையின் கதவுக்கு அடியில் சொருகிக் கிடந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடிதத்தின் திகதிக்கு அன்றோடு நான்கு நாள் முடிந்திருந்தது.

"கிளாக்கரய்யா, இந்தக் கடுதாசியில என்னாங்க போட்டிருக்கு?"

"தலைவர்கிட்ட காட்டு."

"அவருகிட்டதான் மொதல்ல போனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு அப்பிடியும் இப்பிடியும் திருப்பிப் பாத்துட்டு, ஆபிஸ்ல கேளுன்னுட்டாரு. அவரு இங்கிலீசு பிஸ்கட்டுப் பாக்கெட்டு வரைக்குந்தான், எனக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். மழையில் நிற்காமல் போ என்றேன். அவர் போகவில்லை.

"இதை அடிச்சது நீங்கதானுங்களே? அடிச்சவருக்கே என்னான்னு தெரியாதுங்களா?"

அந்தக் கோபத்தில்தான் கடிதத்தைப் பிடுங்கி வாசித்தேன். நல்ல எண்ணத்தில் இல்லை. வாயை அடைக்கத்தான்.

"நீ வேலைய விட்டுட்டுப் போயிட்டதா எடுத்துக்கிறாங்க. அதான் போட்டிருக்கு."

"யாரு எடுத்துக்கிறாங்க?"

"ஆபிஸ்."

"ஆபிஸ்னா யாருங்க? இந்தச் செவரா? தொரையா? நீங்களா?"

கடிதத்தைப் பார்த்தேன். யார் கருதினார்கள் என்று அதில் இல்லவே இல்லை. "ஆள் பேரெல்லாம் போடுறதில்ல" என்றேன்.

"எம்பேரு மட்டும் போட்டிருக்கீங்களே."

கடிதத்தை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"நான் எங்கங்க விட்டேன்? மக வயசுப் புள்ளைங்கள்லாம் பாக்க, மலையிலயே கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். அந்தாளும் போயிட்டு வான்னுச்சு. வேலை போயிட்டா இந்தக் காம்பராவுலயும் இருக்க விடுவாங்களா? கால் ஒடிஞ்சவன எங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?"

இதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். லீவு என்றால் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கொழுந்து மலையில் நின்றபடி, ஆட்களை மேற்பார்க்கிற கங்காணியிடம் வாயால் சொல்வார்கள். அவர் தலையாட்டுவார், போய்விடுவார்கள். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அவர் செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவில் குறிக்க வேண்டும். காலங்காலமாக அப்படித்தான். இது தொரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆளைக் குறைக்க வேண்டும் என்று மேலே நினைக்கிற வருடங்களில் மட்டும் அந்த வழக்கம் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆபிசுக்குப் பின்பக்கம் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சொன்னுச்சுங்க. இல்லைன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா எழுத்துல கேட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." கங்காணிகள் தாங்களாக யாருக்கும் லீவு கொடுக்கக்கூடாது என்று போன மாதம் தொரை கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தாராம். அதனால் இவர் கணக்கப்பிள்ளையிடம் வாயே திறக்கவில்லை. தன் வேலையைக் காப்பாற்ற அந்த அம்மாவின் வேலையை மழையில் விட்டுவிட்டார்.

தொரையிடம் போனேன். மகன் ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொன்னேன். இந்தக் கடிதத்தைத் தமிழிலும் ஒரு பிரதி போடலாமே என்றும் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல், நீ இங்கே கிளாக்கரா அல்லது அவளுடைய வக்கீலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விளக்கம் எழுத்தில் வந்தால் பார்ப்பாராம். எழுத்தில் வராது என்று அவருக்குத் தெரியும். அதற்காகத்தானே அது ஆங்கிலத்தில் போகிறது!

பகல் சாப்பாட்டு நேரத்தில் லயத்துக்கு நடந்தேன். அந்த அம்மா சொல்லச் சொல்ல, என் கையாலேயே தமிழில் பதில் எழுதினேன். மகனின் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டின் பிரதியைச் சேர்த்தேன். "கங்காணிகிட்ட சொன்னேன், கூட நின்னவங்க எல்லாருக்கும் தெரியும், அதைப் பெருசாப் போடுங்க" என்றார். போட்டேன். அப்போதுதான் கவனித்தேன், நான் அவரை "நீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரட்டில் அந்தத் தாளை அவர் தன் கூட்டாளிகளிடம் சாட்சிக்குக் கொடுத்தார். நான் ஓரமாக நின்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது. ஒருத்தி குடை பிடிக்க, ஒருத்தியின் முதுகில் தாளை வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது பேர். கங்காணி மலைக்குப் போகச் சொல்லிச் சத்தம் போட்டார். கூடையை எடுக்க ஒருத்தியும் குனியவில்லை.

"உங்களுக்கும் எடம் விட்டிருக்கோம் கங்காணி. மேலயே, மரியாதையா" என்றாள் ஒருத்தி.

"எனக்கெதுக்கு? நான் என்னா பாத்தேன்?"

"பாக்க வேணாம். காதுதான் இருக்கே, அது போதும்."

"பேனா எழுதலன்னு மட்டும் சொல்லிறாதீங்க, ஆபிஸ் பேனா அது" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். கங்காணிக்கு முகம் கறுத்தது. என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பவில்லை.  பிறகு பேனாவை வாங்கி, "சொன்னுச்சுன்னு நான்தான் அப்பவே சொல்லிட்டேனே" என்று முணுமுணுத்தபடி போட்டார்.

ஐந்தாம் நாள் அந்தப் பதிலை ஆபிசில் வாங்கி, நானே முத்திரை குத்தித் தொரையின் மேசையில் வைத்தேன். அதை எழுதிய கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?  இரண்டு கிழமை, பதினான்கு நாள், அந்த அம்மாவை வேலையில்லாமல் போட்டார். அதற்குப் பிறகு ஒரு காலையில் கணக்கப்பிள்ளையிடம், அவளை வரச் சொல் என்றார். வாயால்தான். கடிதம் இல்லை, தவறு நடந்தது என்று ஒரு வரி இல்லை. அந்த அம்மா வாயால் சொன்னது செல்லாது, தொரை வாயால் சொன்னால் செல்லும்.  அந்த அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

எனக்கு நன்றி சொன்னாரா என்று கேட்பீர்கள். இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? கடிதத்தை அடித்ததே நான்தானே.

அந்தக் கிழமையில் பழைய கடிதப் பிரதிகள் இருக்கும் கோப்பை எடுத்துப் புரட்டினேன். எல்லாம் நான் அடித்தவை. ஒரு பெயரில் கை நின்றுவிட்டது. மனைவிக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய் வந்த மனிதர். அவரும் இதே கடிதத்தோடு ஜன்னலுக்குக் கீழே நின்றார். தலைவரிடம் காட்டு என்றேன். சரிங்க ஐயா என்று, நனையாமல் இருக்கக் கடிதத்தைப் பிளாஸ்டிக் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். இப்போது அந்தக் குடும்பமே தோட்டத்தில் இல்லை.

இப்போது அந்தக் கடிதம் போனால், தமிழில் கையால் எழுதிய ஒரு துண்டுத் தாளையும் சேர்த்துப் பின் குத்துகிறேன். தொரைக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார். ஆனால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தும் அந்த மனிதரை மழையில் திருப்பி அனுப்பினேனே, அதை நினைக்கும்போது எனக்குத் தொரை மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருகிற கோபம்தான் பெரிது; அது இன்றுவரை அடங்கவில்லை.