துவைக்கக் கூடாத சட்டை

சென்ற வாரம் நான் ஒரு சட்டையைத் துவைத்தேன். அதற்காகத் திட்டு வாங்குவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை!

விஷயத்துக்கு வருகிறேன். பூண்டுலோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜி, என் நாத்தனார் மகள். அவளுடைய மகள் கனிஷ்காவுக்கு ஒன்றேகால் வயது. இதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார், தன் மகளின் பிரசவத்துக்காக நானுஓயா போய்விட்டார். கணவனுக்குக் கொழும்பில் கடை வேலை. ஆகவே கனிஷ்கா, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றுதான் இருக்கும். யார் அப்படிச் சொல்கிறார்கள்?

போனாள்... அழுதாள். தினமும் பத்து மணிக்குள் கொழுந்து மலைக்கு ஆள் போய்விடும் — "புள்ள நிக்காம அழுவுது, வாங்க!" விஜி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள்.

"இப்பிடியே போனா வேலைய விட்டுற வேண்டியதுதான் அத்த. கங்காணி மூஞ்சியப் பாக்கவே முடியல."

எனக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான். அட்டனில் பூப்போட்ட துணி வாங்கி, முயல் காதெல்லாம் வைத்து ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொண்டுபோனேன். கனிஷ்கா அதை ஜன்னல் வரை வீசினாள். நல்ல கை!

பிள்ளைக்காம்பரா ஆயம்மாதான் வழி சொன்னார். "புதுத்துணி என்னாத்துக்குங்க? அம்மா போட்ட சட்டையில தைச்சுப் பாருங்க."

அட, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? மலைக்குப் போகும்போது விஜி மேலே மாட்டிக்கொள்ளும் பழைய சட்டையை வாங்கி வந்தேன். தேயிலைக் கறை, வியர்வை, அடுப்புப் புகை... பிள்ளை வாயில் வைக்கப்போகும் பொருளாயிற்றே! இரண்டு தடவை சோப்புப் போட்டு, மல்லிகை வாசனைத் திரவத்தில் முக்கி, அயர்ன் செய்து, அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுத்தேன்.

கனிஷ்கா மோந்து பார்த்தாள். முன்பைவிட உரக்க அழுதாள்.

விஜி வாங்கி மூக்கருகே வைத்தாள். "தொவச்சிட்டீங்களா அத்த?"

ஆயம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னங்க நீங்க... அம்மாவையே கழுவி விட்டுட்டீங்களே!"

சுத்தம் சுத்தம் என்று பறக்கிற என் போன்றவர்களுக்கு இது தேவைதான்.

விஜி சளைக்கவில்லை. அதே தலையணையை இரண்டு நாள் தன் கழுத்தடியில் வைத்துப் படுத்தாள். திங்கட்கிழமை அதோடு பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி ஆனது. கனிஷ்கா கொஞ்சம் சிணுங்கினாள், தலையணையில் மூக்கைப் புதைத்தாள்... தூங்கிவிட்டாள். அன்று மலைக்கு ஆள் போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கிறீர்களா? அம்மாவின் பழைய உடுப்பில் கைக்குட்டை அளவு இரண்டு துண்டு வெட்டுங்கள். மூன்று பக்கம் தைத்து, உள்ளே துணி நறுக்குகளை அடைத்து, நாலாவது பக்கத்தையும் மூடினால் முடிந்தது. மெஷின்கூட வேண்டாம். பொத்தான் மட்டும் வைக்காதீர்கள் — பிய்த்து விழுங்கிவிடுவார்கள். மற்றதை அம்மா பார்த்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் விஜி வந்தாள். துள்ளிக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், முகம் வாடிக் கிடந்தது.

"என்னடி, பிள்ள அழவே இல்லையே!"

"தெரியும் அத்த. நாள் பூரா பாதையவே பாத்துக்கிட்டு இருந்தேன். யாருமே என்னயக் கூப்பிட வரல..."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையிலிருந்து கனிஷ்காவின் அழுக்குச் சட்டை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நாளைக்கும் வேலைக்குப் போவணும்ல. எனக்கும் ஒண்ணு தைச்சுத் தாங்க அத்த... தொவச்சிறாதீங்க!"