அளக்காமல் கொடுத்த மூன்று சென்ட்

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். ஷாஹிதா என்ற அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து ஒரு பட்டாவை நீட்டினார். வாங்கிப் படித்தேன். வீட்டுமனை, மூன்று சென்ட். கீழே "களத்தில் அளந்து காட்டப்பட்டது" என்று எழுதி, நில அளவர் கையெழுத்து போட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது.

நில அளவைத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமை பேச அல்ல. இந்தக் கதையில் எனக்கு அவ்வளவு பெருமையும் இல்லை.

"அளந்து காட்டியாச்சுன்னு எழுதிக்கீது சார். யாரு காட்டினாங்க? எங்க காட்டினாங்க? பதினொரு வருசமா கேட்டுகினு கீறேன்" என்றார்.

அவர் கணவர் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தார். வாடகை வீட்டை ஓனர் இடித்துவிட்டதால், இரண்டு பெண் பிள்ளைகளோடு கடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். இப்போது சாலையை அகலப்படுத்த அந்தக் கடையையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. அரசு வீடு கட்டித்தரும் திட்டத்தின் பட்டியலில் ஷாஹிதாவின் பெயர் இருந்தது. ஆனால் மனை எங்கே என்று காட்டினால்தான் வீடு. மாதக் கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பத்து நாள்தான் இருந்தது.

"கடைய எடுக்கறதும் கவர்மென்ட்டு, எடம் குடுத்ததும் கவர்மென்ட்டு. எடுக்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியுது சார்."

"பழைய ஃபைல்மா, பார்க்கிறோம்" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வருஷக்கணக்கான பழக்கம் அப்படி.

நான் செய்தது

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பட்டா வழங்கும் விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். பந்தலும் போட்டாகிவிட்டது. கொடுக்க வேண்டிய பன்னிரண்டு மனைகளை இறங்கி அளக்க நேரமில்லை. எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது புல வரைபடம், ஆபீஸிலேயே இருந்தது. அதை விரித்து, ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் பன்னிரண்டு கட்டம் போட்டேன். அளந்து காட்டியதாகப் பன்னிரண்டிலும் எழுதினேன். அடுத்த வாரம் போய்க் கல் நட்டுக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அடுத்த வாரம் கிருத்திகைக் கூட்டத்துக்கு என்னை மலையில் டூட்டி போட்டார்கள். அது முடிந்ததும் டிரான்ஸ்பர்; இந்த ஆபீஸுக்குத் திரும்பி வந்தது இந்த வருஷம்தான். நட வேண்டிய கற்கள் ஆபீஸ் பின்பக்கம் அடுக்கியபடியே கிடந்தன.

நம் ஆபீஸ்களுக்கே உரிய வியாதி இது. விழா முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம்.

தாசில்தார் மேடத்திடம் ஷாஹிதாவின் பட்டாவைக் கொண்டுபோனேன்.

"யாருங்க இத எழுதுனது?"

"நான்தாங்க மேடம்."

பட்டாவை மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மெமோ அப்புறம் தரேன். நாளைக்குக் காலைல போய் அளங்க. பன்னெண்டையும்" என்றார்.

கடலைக் காட்டில்

ஆர்.கே.பேட்டை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அந்த அரசு தரிசு. போய்ப் பார்த்தால் தரிசாக இல்லை. பச்சைப் பசேலென்று வேர்க்கடலை நின்றது. பக்கத்து நிலத்துக்காரர் முனிரத்தினம் வரப்பில் வந்து நின்றார். எனக்குப் பின்னால் பட்டா வாங்கிய பன்னிரண்டு குடும்பத்தாரும் நின்றார்கள்.

"இத்தினி வருசம் ஒருத்தனும் வரல. சும்மா கெடந்துச்சு, போட்டேன். இன்னும் இருவது நாளு போனா கடலை புடுங்கிடுவேன். இப்ப கல்லு நட்டீங்க, நான் அதையும் புடுங்கிப் போடுவேன்" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் சட்டம் பேசுவோம். போலீசைக் கூப்பிடுவேன் என்போம். கேஸ் கோர்ட்டுக்குப் போகும், பட்டியல் மூடிவிடும், ஷாஹிதாவின் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நைனா, தப்பு உங்க மேல இல்ல. அன்னைக்கு நான் வந்து கல்லு நட்டிருந்தா நீங்க வெதச்சிருக்கவே மாட்டீங்க. ஆபீஸ்ல உக்காந்துகினே அளந்ததா எழுதினவன் நான்தான்" என்றேன்.

ஷாஹிதா என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. வெட்கமாக இருந்தது.

முனிரத்தினம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆபீசரு தப்புன்னு ஒத்துகினத நான் பார்த்ததே இல்ல" என்றார்.

ஷாஹிதா முன்னால் வந்தார். "நைனா, கல்லு மட்டும் இருக்கட்டும். கடலை உன்னுது. நீ புடுங்கி முடிக்கிற வரைக்கும் நாங்க இதுல காலு வெக்க மாட்டோம்."

"பசங்களும்?"

"ஆங், பசங்களுந்தான்."

முனிரத்தினம் இன்னும் கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு குனிந்து டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார். "செடிய மிதிக்காம நடுங்க" என்று ஒவ்வொரு கல்லுக்கும் அதட்டிக்கொண்டே வந்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு மனைக்கும் கல் நட்டு முடித்தோம். மறுநாளே அறிக்கை போய்ச் சேர்ந்தது. மெமோவும் சொன்னபடி வந்தது.

கடலை பிடுங்கிய பிறகு அஸ்திவாரம் தோண்டினார்கள். கடை போனபின் வீடு முடிகிறவரை ஷாஹிதா குடும்பம் சொந்தக்காரர் வீட்டு மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அந்தக் கஷ்டமும் என் கணக்கில்தான் சேரும்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று என்னையும் கூப்பிட்டார். கான்கிரீட் கூரை, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சேமியாப் பாயசம் கொடுத்தார்கள். வந்திருந்த சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி ஷாஹிதா சொன்னார்:

"இந்த சாருதான் என் வூட்ட பதினொரு வருசம் லேட் பண்ணவரு. வந்து அளந்து குடுத்தவரும் இவருதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் கலங்கியதை மறைக்க. நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவருடைய இடத்தை அவருக்குக் காட்டுவதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது.

பட்டாவை மேடையில் கொடுப்பது வேலையில் பாதிகூட இல்லை. அந்த அம்மா தன் மனையில் நின்று "இதுதானா சார்?" என்று கேட்க வேண்டும், நாம் "ஆமாம்மா, இதுதான்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.