வரைபடக் காப்பாளர் மக்கீனும் ஹேவாஹெட்ட ஏழாம் தாளும்

"மலை நகர்ந்தாலும் நகரும், மக்கீண்ட தாள் நகராது. முப்பத்தொரு வருஷமாச்சி, எண்ட கையால ஒண்டும் தொலஞ்சதில்ல."

கண்டியிலுள்ள வட்டார நிலவியல் பதிவகத்தின் தேநீர் விருந்தொன்றில், பதினெட்டுப் பேர் முன்னிலையில், கையில் கடித்த பெட்டிஸுடன் மக்கீன் இப்படி அறிவித்தார். மறுவாரமே மலை நகர்ந்தது. ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டமொன்றில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயன் வரிசைகள் அடியோடு போயின. ஆட்களை முதல் நாளே பாடசாலை மண்டபத்துக்கு மாற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மக்கீனின் வாக்கில் முதற்பாதி பலித்துவிட்டதை அலுவலகத்தில் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை. ஓய்வுபெற மூன்று மாதமே இருக்கும் மனிதரிடம் அப்படிப் பேசுவது பண்பல்ல.

வரைபட அறை மக்கீனின் ஆட்சிப்பிரதேசம். துணியில் ஒட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் அங்கே தட்டையான இழுப்பறைகளில் கிடந்தன. எந்தச் சரிவில் சலவைக்கல், எந்தத் தோட்டத்தின் அடியில் பழைய மைக்காக் குழி என்பதெல்லாம் அவற்றில் கையாலேயே குறிக்கப்பட்டிருந்தன. தாள் எடுப்பவர் பதிவேட்டில் பெயரெழுத வேண்டும். நனைந்து திரும்பும் தாள் காய்ந்து நிமிரும்வரை 'திருப்பியது' என்று பதியப்படாது. இது மக்கீன் தானே இயற்றித் தானே அமுல்படுத்திய சட்டம்.

தாள்களைக் கணினியில் ஏற்ற யசோதினி என்ற பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். கூடவே ஒற்றைக் கட்டில் அளவில் ஒரு ஸ்கேனரும் வந்தது. அலுவலகத்தில் எல்லோரையும் போல அவளும் மக்கீனை அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைத்தாள். மக்கீன் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தங்கச்சி, தாள் உசிரோட ஈக்கக்குள்ள ஏன் போட்டோ?"

"அதுக்கு ஒண்டு நடந்தால், நானா?"

"எனக்கிட்ட ஈக்கக்குள்ள அதுக்கு எனத்த நடக்க?"

இருநூற்றுப் பதினொரு தாள்கள் ஏறின. பிறகு யசோதினி வந்து நின்றாள்.

"நானா, ஹேவாஹெட்டையிலை ஏழாம் தாளைக் காணேல்லை. ஆறுக்குப் பிறகு எட்டுத்தான் கிடக்கு."

"ஒழுங்காப் பாருங்க."

"மூண்டு தரம் பாத்திட்டன்."

மக்கீன் பதற்றமின்றிப் பதிவேட்டை விரித்தார். அதில் இருந்தது: 2014, ஏழாம் தாள், பெற்றவர் விமலநாதன். திருப்பிய திகதி வெறுமை. விமலநாதன் இங்கே நிலவியலாளராக இருந்து ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போனவர். மக்கீன் சிவப்புப் பேனையால் அந்தப் பெயருக்கு நேரே 'தொலைத்தவர்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டுத்தான் தொலைபேசியை எடுத்தார்.

"மக்கீன், எடுத்த அண்டைக்கே மழையிலை நனைஞ்சு கொண்டந்து உங்கடை கையிலைதான் தந்தனான்," என்றார் விமலநாதன். "காஞ்சாப் பிறகு பதியிறன் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"எண்ட கைக்கு வந்தா அது இங்க ஈக்கணும். இங்க இல்ல. அப்ப வரல்ல." தர்க்கத்தில் ஓட்டை இல்லாததால் மக்கீன் அழைப்பைத் துண்டித்தார்.

ஓட்டை ஹேவாஹெட்டவில் இருந்தது. மண்சரிவில் வீடிழந்தவர்களுக்காக அலையும் ராஜலிங்கம் அன்று நான்காவது தடவையாக வந்திருந்தார்.

"ஐயா, இருபத்திரண்டு குடும்பம் ஸ்கூல் ஹால்ல கெடக்குதுங்க. வீடு கட்டக் காணி குடுத்துட்டாங்க. கீழ மைக்காக் குழி எங்கெங்க இருக்குன்னு தெரியாம இஞ்சினியர் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு."

"அந்தத் தாள் யாழ்ப்பாணத்துல ஈக்கி, தம்பி."

"எங்க ஊட்டுக் குழி எப்படிங்க ஐயா யாழ்ப்பாணம் போச்சு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மக்கீன் குடியிருந்த திகனயில் நல்ல வெயில். மெத்தையை வெளியே போடவேண்டும் என்று மக்கீனின் மனைவி றம்ஸியா கட்டளையிட்டாள். இருவருமாகத் தூக்கினார்கள். கட்டில் பலகையின் மேல், ஒரு சுருக்கமும் இல்லாமல், ஹேவாஹெட்ட ஏழாம் தாள் கிடந்தது. இத்தனை தட்டையான வரைபடத்தை மக்கீன் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லை.

"இது எப்பிடி இங்க வந்த?"

"நீங்கதானே வெச்ச. மழைக்கு நனஞ்ச அஞ்சு தாள் கொண்டாந்து, மெத்தக்கிக் கீழ வெச்சா நிமிரும் எண்டீங்க. நாலத்தான் எடுத்துட்டுப் போன."

"ஒனக்குச் சொல்ல ஏலாமப் போச்சா?"

"நான் சொல்லும் வரக்கும் தொடாத எண்டு நீங்கதானே சொன்ன, ஆகிப்ட வாப்பா," என்று மகன் பெயரால் கணவரை விளித்தாள் றம்ஸியா. "நான் தொடல்ல. நீங்களும் சொல்லல்ல."

பதினொரு வருடமாகத் தாம் முதுகால் காத்து வந்த தாளை மக்கீன் இரு கையாலும் எடுத்தார். தாளைச் சுருட்டி பிவிசி குழாய்க்குள் விட்டபோது ஒரு திட்டமும் உள்ளே நுழைந்தது: அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு யசோதினியையே தேடச் சொல்லலாம். கண்டெடுத்த புகழ் அவளுக்கு. ஓய்வுபெறும்வரை அவருக்கும் ஒரு குறையுமில்லை. திங்கள் காலை பஸ்ஸில் குண்டசாலை தாண்டும்வரை திட்டம் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு, சிவப்புப் பேனையில் எழுதியதை எப்படி அழிப்பது என்ற தொழில்நுட்பச் சிக்கல் தலைகாட்டியது.

பதிவகத்து வாசலில் ராஜலிங்கம் ஐந்தாவது தடவையாக உட்கார்ந்திருந்தார். மக்கீன் அலுமாரிப் பக்கம் திரும்பவில்லை. நேரே ஸ்கேனருக்குப் போய், தாளைத் தாமே விரித்து வைத்தார்.

"எங்கை கிடந்தது, நானா?" என்றாள் யசோதினி.

"முதல்ல போட்டோ எடுங்க. ரெண்டு எடுங்க. ஒரு பிரதி அந்தத் தம்பிக்கு."

விளக்கு தாளின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருக்க, அவர் பதிவேட்டைத் திறந்து 'தொலைத்தவர்' என்பதை ஒரு கோட்டால் வெட்டி, விமலநாதன் தாளைத் திருப்பிய திகதியை எழுதினார். அடுத்த வரியில், நிதானமான கையெழுத்தில், தம் பெயரை எழுதினார். பெற்ற திகதி, அதே நாள். திருப்பிய திகதி, இன்று. கடைசிக் கட்டம் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டது. யாரும் அதை வெறுமையாக விடக்கூடாது என்பதும் அவருடைய சட்டம்தான்.

'நித்திரை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.