சதுப்பு நிலப் பூவேலை

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நான் ஜொகூர் பாருவுக்கு வந்தபோது, சிங்கப்பூருக்குக் கடல்மேல் போடும் கல் பாதை முடியும் தறுவாயில் இருந்தது. என் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். முன்பின் அறியாதவரைக் கட்டிக்கொண்டு வந்த எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் துணியும் ஊசியுமாக இருப்பேன்.

ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பூவேலை பழக்கியிருந்தார்கள். ரோசாப்பூ, பழக்கூடை, கூரையில் கொடி படர்ந்த வெள்ளைக்கார வீடு. அவற்றையே திரும்பத் திரும்பத் தைத்து அலுத்துவிட்டது. புது மாதிரி தேடி, அச்சடித்த எதைக் கண்டாலும் உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். துணிக்கட்டில் ஒட்டிவரும் லேபல், தீப்பெட்டிப் படம், சீனக் கடையில் ஊதுபத்தி சுற்றித் தரும் சிவப்புத் தாள் எல்லாவற்றையும் கிழியாமல் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்தேன்.

கடல்மேல் பாதை வந்ததும் கரையோர வரைபடங்களைப் புதிதாக அச்சடித்தார்கள். கழித்துப் போட்ட பழைய தாள்களில் சிலவற்றை, அலமாரித் தட்டில் விரிக்க உதவுமே என்று அவர் கேட்டு வாங்கி வந்தார். விரித்த பிறகு அவற்றின்மேல் பாத்திரம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மலைகளை மயிரிழைக் கோடுகளால் வட்டமாகப் போட்டிருந்தார்கள். மயிலிறகை அடுக்கி வைத்தாற்போல இருந்தது. ஆற்றோரமெல்லாம் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குஞ்சம்.

அன்று மாலை அவரிடம் கேட்டேன். “இது என்ன, புல்லே?”

“புல்லில்லை, சதுப்பு. காலை வைச்சால் முழங்கால் மட்டும் புதையும்.”

பிறகு அவராகவே தொடர்ந்தார். கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து, புள்ளி வைத்தால் மணல், இது தென்னை, இது கம்பம் என்கிற மலாய்க் கிராமம் என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சோறு ஆறிப்போனது. எங்கள் வீட்டில் பேச்சு என்று தொடங்கியது அன்றுதான்.

அந்தக் குஞ்சங்களை வெள்ளை மேசைவிரிப்பின் ஓரம் முழுவதும் பச்சை நூலால் தைத்தேன். நடுவில், தாளில் கண்டபடியே, வளைந்து கடலில் விழும் ஓர் ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய அலுவலகத்தில் நெடுநாள் சர்வேயராக இருந்த பெரியவர் தேநீருக்கு வந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். கோப்பையைத் தூக்கியவர், குடிக்காமல் அப்படியே விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகக் காரியத்தை விளையாட்டாக்கி என் கணவருக்குத் தலைகுனிவு தேடிவிட்டேனோ என்று பயந்தேன்.

“இது கெலாங் பாத்தாவுக்கு அங்காலை உள்ள ஆத்துவாய் எல்லே?” என்றார்.

என் கணவர் தலையசைத்தார். அந்தச் சேற்றில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து நடந்ததையும், அட்டை கடித்ததையும், காய்ச்சலில் கிடந்து பிழைத்ததையும் பெரியவர் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு குஞ்சத்தைத் தடவிப் பார்த்தார்.

“சதுப்பை வடிவெண்டு நினைச்ச ஆளை இண்டைக்குத்தான் காணுறன், பிள்ளை.”

அவர் போனபின், அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கணவரிடம் கேட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் அடுத்த விடுமுறையில் படகு பேசி அழைத்துப் போனார்.

வரைபடத்தில் ஒழுங்காக நின்ற குஞ்சங்கள் அங்கே இல்லை. சேற்று நாற்றமும் நுளம்புக் கடியும்தான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் தண்ணீர் வற்றிய கரையில், மரங்களெல்லாம் வளைந்த வேர்களை ஊன்றி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களைப்போல நின்றன. இப்படி ஒன்றை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

“வேருக்கு என்ன குறி போடுவீங்கள்?” என்று கேட்டேன்.

“வேருக்குக் குறி இல்லை.” சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீர் ஒண்டு போடுமன்.”

தீப்பெட்டியின் பின்பக்கத்தில் வரைந்தேன். படகு ஆடியதில் கோடு கோணலாகப் போனது; ஒரு வேரை அவர் திருத்தினார், இன்னொன்றை நான் திருத்தினேன். பிறகு எங்கள் மூத்த மகளுக்குத் தைத்த முதல் சட்டையின் கழுத்தோரத்தில் அந்த வேர்கள்தான் ஓடின.