ஈரச் சரிவில் ஏறமாட்டேன் என்று சொல்ல வைத்தார்

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, என் இடது காலின் மேல் ஒரு வண்டி விழுந்து கிடந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கத்தி சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை.

நான் எஸ்தர், பூதலூர் பக்கத்துக்காரி. ஒரு தனியார் கல்லூரியில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது. பொம்பளைக்கு இது எதற்கு என்று கேட்காத ஆளில்லை. எங்கள் அப்பா ஊரார் வயலில் சேறு மிதித்தவர். நான் சொந்த வயலில் பவர் டில்லர் ஓட்டிச் சேறு அடித்தவள். இதை ஓட்ட மாட்டேனா என்றுதான் ஏறினேன். அந்தத் திமிர் எனக்கு இன்னும் குறையவில்லை.

எங்கள் பக்கமெல்லாம் சமதரை. சரிவு என்றால் ஆற்றங்கரைதான், அதில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. கல்லூரி மைதானத்தைச் சுற்றி, பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க, மண்ணைக் கொட்டி உயர்த்திப் புல் வளர்த்திருந்தார்கள். மற்ற பக்கங்கள் லேசான சரிவு. மேற்குப் பக்கம் மட்டும் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி.

முந்தின நாள் முழுக்க மழை. மறுநாள் பட்டமளிப்பு விழா. ஈரமாக இருக்கிறது, மேற்குப் பக்கம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதே அதுதான், ஓட்டு என்றார். ஓட்டினேன். சேறு அடிக்கும்போது வயலை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி வருவோமே, அதே பழக்கத்தில் சரிவின் குறுக்கே போனேன். மேல் பக்கத்துச் சக்கரம் தூக்கியது. டில்லர் சாய்ந்தால் சேற்றில் காலை ஊன்றித்தான் எனக்குப் பழக்கம். அதே புத்தியில் பள்ளத்துப் பக்கம் இடது காலை ஊன்றினேன். வண்டி அந்தக் கால் மேலேயே வந்து விழுந்தது.

நான் அழுது ஜெபிக்கவில்லை. சண்டை போட்டேன். “ஆண்டவரே, இதை நிறுத்தும். நான் இப்படிச் சாக மாட்டேன்” என்று கத்தினேன். இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சாய்ந்த வண்டியில் பெட்ரோல் சரியாகப் போகாது, அதனால் நின்றது என்று மெக்கானிக் பிறகு சொன்னார். இருக்கட்டும். பெட்ரோலும் ஆண்டவர் பேச்சைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? என் கத்தலைக் கேட்டு ஓடி வந்தவர்கள் வண்டியைத் தூக்கி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆனால் கால் பிழைத்தது. அவருக்கே ஸ்தோத்திரம்.

கால் பிழைத்ததோடு நிறுத்திக்கொள், வம்பு வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பாதி சாட்சி சொல்ல எனக்கு வராது.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளோடு வந்தார். விபத்துக்கு என் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள். மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று வைத்துவிட்டுப் போனார். போட்டுத் தொலை என்றார் என் வீட்டுக்காரர். பொறுமையாக இரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார்கள் பார்க்க வந்த சபையார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாளும் ஒரே ஜெபம்தான். பொய்க்குக் கையெழுத்துப் போடாத கையைத் தாரும், பயப்படாத வாயைத் தாரும். வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கல்லூரியில் தோட்ட வேலை பார்க்கும் செல்வி அக்கா வந்தார். விழுந்த வண்டியை அவரைத்தான் கழுவச் சொன்னார்களாம். சேற்றுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் தெரியவும், செல்போனில் படம் எடுத்து வந்திருந்தார். சரிவின் குறுக்கே போகும் வண்டி மேல் சிவப்பில் பெருக்கல் குறி. ஈரப் புல்லுக்கும் ஒரு குறி. இவ்வளவு சரிவுக்கு மேல் ஏறாதே என்று ஒரு படம். எனக்கு யாரும் அதைக் காட்டவில்லை. நானும் துடைத்துப் பார்க்கவில்லை. பதில் வந்துவிட்டது என்று தெரிந்தது. அப்போதுதான் அழுதேன்.

தாளின் பின்பக்கம் எழுதினேன். குறுக்கே ஓட்டியதும் காலை ஊன்றியதும் என் தவறு. ஈரம் என்று சொல்லியும் ஓட்டச் சொன்னதும், சரிவில் எப்படி ஓட்டுவது என்று கற்றுத்தராததும் உங்கள் தவறு. கீழே கையெழுத்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் வாசித்துவிட்டு, “என்னம்மா, எங்களையே மாட்டி விடுறியா?” என்றார்.

“என்னையும் சேத்துத்தாங்க எழுதியிருக்கேன். என் பங்க நான் ஒத்துக்கிட்டேன். உங்க பங்க நீங்க ஒத்துக்குங்க.”

என் வாய் நடுங்கவில்லை.

மாசி வரை யாரும் கூப்பிடவில்லை. பிறகு, எனக்குப் பதிலாக வந்தவர் அதே சரிவில் வழுக்கி, மயிரிழையில் தப்பினார். அதன் பிறகே கல்லூரி முதல்வர் என் தாளைத் தேடி எடுத்து வாசித்தாராம். என்னைக் கூப்பிட்டார்கள். லேசான சரிவில் நேராக ஏறி நேராக இறங்குவேன், குறுக்கே போக மாட்டேன், திரும்புவது சமதரையில்தான் என்றேன். மேற்குச் சரிவை ஆட்கள் நடந்து கைமெஷினால் வெட்டட்டும், புல் காயாமல் சாவியைத் தொட மாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.

பிரியமானவர்களே, ஜெபித்தால் இஞ்சின் நிற்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லப் பலம் கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். என் இடது முட்டி இன்னும் முழுசாக மடங்கவில்லை. நீங்கள் முழங்கால் போடுங்கள், நான் நின்றுகொண்டே கேட்கிறேன்.