விடுபட்ட ஒன்பது நாள்

பாச்சாங் மனநல மையத்தில் நான் துணையாளராக இருக்கிறேன். இந்த வேலைக்கு முக்கியத் தகுதி, முன்பு நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்பது. என் தகுதி ஒரு நீல நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது: வார்டில் சேர்ந்த நாள், மருந்து மாறிய நாள்கள், அன்றன்று மழை பெய்ததா என்பது உட்பட.

நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர் மாத ஊசியை இரண்டு முறை விட்டுவிட்டு அறைக்குள் அடைந்துகொண்டார். வியாழக்கிழமை ஊசியும் தவறினால் தம்பி மறுபடி வார்டுக்குத்தான் போவான் என்று அவருடைய அக்காள் கலங்கினார். என்னை அனுப்பினார்கள்.

முதல் முறை மூடிய கதவிடம் நலம் விசாரித்தேன். அடுத்த முறை, குணமாவது பற்றி நான் படித்த நூல்களின் சாரத்தை எடுத்துச் சொன்னேன். உள்ளே காற்றாடியின் வேகம் கூடியது. மூன்றாவதாகச் செவ்வாய்க்கிழமை போனபோது, கதவருகே நாற்காலி போட்டு என் நோட்டையே வாசித்தேன். அக்காள் சமையலறைக்குள் போனவர் திரும்பவில்லை.

வார்டுப் பகுதியில் ஒன்பது நாள்களுக்குக் குறிப்பில்லை. அப்போது என் நினைவு தெளிவாக இல்லை. வழக்கம்போல அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"அண்ணே, அந்த ஒன்பது நாள விட்டுட்டீங்களே," என்றது கதவு.

நான் நிறுத்தினேன்.

"வார்டுல நான் பக்கத்துக் கட்டில்தான் லா. காலண்டர்காரர்தானே நீங்க?"

பிறகு அவரே சொன்னார். வார்டில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியதாம். அதைக் கிழித்தால் வீட்டுக்குப் போகும் நாள் சீக்கிரம் வந்துவிடும் என்று நான் ஒரே காலையில் மார்கழி வரைக்கும் கிழித்துவிட்டேனாம். வழியில் தீபாவளி வந்ததும் நிறுத்தி, கட்டில் கட்டிலாகப் போய் வாழ்த்துச் சொன்னேனாம். நர்ஸ் மிஸ்ஸியிடம் முறுக்கு கேட்டேனாம்.

தேதி தவறினால் பத்திரிகைக்கே கடிதம் எழுதுகிறவன் நான். நோட்டை மூடிவிட்டேன்.

"கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பிஸ்கட் கொடுத்தாங்க. நம்ம ரெண்டு பேரும் பாதி பாதி."

உள்ளே அவர் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்காள் கரண்டியோடு ஓடிவந்து எங்கள் இருவரில் யாருக்கு மருந்து வேண்டும் என்பதுபோல் பார்த்தார். அப்போதுதான் தாழ்ப்பாள் விலகியது. நரைத்த தாடியோடு ஒரு முகம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவருக்கு என்னை நன்றாக நினைவிருந்தது.

"இவ்வளவு மோசமா இருந்த நீங்களே வேலைக்குப் போறீங்க," என்றார். "ஊசிக்கு என்னைக்கு வரணும்?"

"வியாழக்கிழமை."

"நெசமான வியாழக்கிழமையா?"

அக்காளைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டார். ஊசி போடும் அறைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. சட்டைக் கையைச் சுருட்டியபடி, எனக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.